சரிகை போட்ட ஃபியூஸ்

மீட்டர் ‘பீப்’ என்று கத்தியது. எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

மெக்கானிக் மோசஸ் சார் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். அவருக்கு எதிரே, பத்தடி அகலத்துக்கு பேனர் அடிக்கும் எங்கள் ஃப்ளெக்ஸ் மெஷின், முதுகுத் தகடு கழற்றப்பட்டு, ஒயரும் கார்டுமாக நின்றது. அவர் முன்னால் பிரவுன் பேப்பர் விரித்து, அதன்மேல் ஒரு கண்ணாடி ஃபியூஸை வைத்திருந்தார். சுண்டுவிரலில் பாதி நீளம்தான் இருக்கும். இரண்டு பக்கமும் பித்தளைத் தொப்பி, நடுவில் கண்ணாடிக் குழாய், குழாய்க்குள் ஓர் இழை. மீட்டரின் இரண்டு முள்ளையும் இரண்டு தொப்பியிலும் வைத்தார். இழை அறுந்திருந்தால் சத்தம் வராது. வந்தது.

“ஃபியூஸ் நல்லாத்தான் இருக்குது. கோளாறு வேற எங்கியோ,” என்று சொல்லி, அதை எடுத்த இடத்திலேயே வைத்து மூடியைத் திருகிவிட்டார்.

நல்லா இல்லை. அது நல்லா இல்லை என்று அந்த அறையில் ஒரே ஓர் ஆளுக்குத்தான் தெரியும். அந்த மகராசி நான்தான். துப்பட்டா நுனியைக் கடித்துக்கொண்டு கம்மென்று நின்றேன்.

இந்தப் பத்திரிகையில் நான் எழுதிய போன வாரக் கட்டுரையைப் படித்துவிட்டு என் தங்கை போன் செய்தாள். “நீ எழுதறத படிச்சா உன்ன மாதிரி உத்தமி ஊர்லயே இல்லன்னு நெனச்சுக்குவாங்க. அந்த ஃபியூஸ் கதைய எப்ப எழுதப் போற?” என்றாள். கழுதை, சும்மா இருப்பாளா? சரி, எழுதித் தொலைக்கிறேன். எத்தனையோ வருடம் ஆகிவிட்டது. ஆனாலும் எழுத உட்கார்ந்தால் உள்ளங்கை வேர்க்கிறது.

அறுந்தால் பிணை

ஃப்ளெக்ஸ் பேனர் எங்கள் ஊருக்குள் நுழைந்த புதிது. பிள்ளையார்பாளையத்தில் சம்பத்தண்ணன் தன் வீட்டு முன்கட்டில் அந்த மெஷினைக் கொண்டுவந்து இறக்கினார். பின்கட்டில் அவர் தம்பி குடும்பம் தறி போட்டிருந்தது. முன்னால் பேனர் ஓடும், பின்னால் பட்டு ஓடும், நடுவில் ஒரு சுவர். நான் டிப்ளமோ முடித்துவிட்டு அங்கே ஆபரேட்டராகச் சேர்ந்தேன்.

சேர்ந்தேன் என்று சுலபமாக எழுதிவிட்டேன். அப்பாவிடம் அனுமதி வாங்குவதற்குள் ஒரு மாதம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, அரை வயிறு சாப்பிட்டுப் பார்த்தேன். கடைசியில் ஒரு நிபந்தனையோடு விட்டார்.

“எதனா வம்பு தும்புன்னு என் காதுல வுழுந்துச்சு, அடுத்த முகூர்த்தத்துல உனக்கும் ஆரணி மாமன் பையனுக்கும் கல்யாணம். அப்புறம் மெஷினு கிஷினுன்னு பேசக் கூடாது.”

ஆரணி மாமன் பையனைப் பற்றி இங்கே எழுதலாம்தான். ஆனால் அவர் இந்தப் பத்திரிகைக்குச் சந்தா கட்டிப் படிக்கிறவர். வேண்டாம்.

எங்கள் வீட்டிலும் தறிதான். சின்ன வயதிலிருந்தே எனக்குப் பாவு பிணைப்பதில் கை வேகம். தறியில் நீளவாக்கில் ஓடும் இழைகள்தான் பாவு; ஒரு பாவு முடிகிற நேரத்தில், அதன் ஒவ்வொரு இழை நுனியோடும் புதுப் பாவின் இழை நுனியைச் சேர்த்து, விரலில் சாம்பல் தொட்டு ஒரு முறுக்கு முறுக்க வேண்டும். ஆயிரக்கணக்கான இழை. சேர்த்த இடம் கண்ணுக்குத் தெரியக் கூடாது, விரலுக்கும் தட்டுப்படக் கூடாது. நெய்யும்போது நடுவில் அறுந்தாலும் அதே வேலைதான். அறுந்தால் உடனே பிணை. அறுந்ததைப் பார்த்துவிட்டுச் சும்மா போகிறவளுக்கு எங்கள் வீட்டில் நல்ல பேர் கிடையாது.

கரண்டு விஷயத்திலும் எங்களுக்கு இதே சட்டம்தான். மீட்டர் பெட்டிக்குப் பக்கத்தில் பீங்கான் ஃபியூஸ் கட்டை இருக்கும். “பீஸ் போயிடுச்சு” என்று யாராவது குரல் கொடுத்தால் அப்பா எழுந்து போய்க் கட்டையைப் பிடுங்குவார். தறியடியில் கிடக்கிற சரிகைத் துணுக்கை எடுப்பார். அறுந்த கம்பி இருந்த இடத்தில் அதைச் சுற்றிச் சொருகுவார். சரிகை என்பது பட்டு நூல்மேல் சுற்றிய, தங்க முலாம் போட்ட வெள்ளிதானே, கரண்டு ஜோராகப் போகும். காலடியிலேயே வெள்ளி கிடக்கும்போது ஃபியூஸ் கம்பி வாங்க எவன் கடைக்கு ஓடுவான்? எங்கள் தெருவில் பல வீடுகளில் இதுதான் வழக்கம்.

டிப்ளமோ படித்த எனக்கு இது தப்பென்று தெரியாதா? தெரியும். ஃபியூஸ் என்றால் என்ன என்று பரீட்சையில் கேட்டால், அளவுக்கு மேல் கரண்டு வந்தால் தானே உருகி அறுந்து மற்றதையெல்லாம் காப்பாற்றுவது என்று அழகாக எழுதுவேன். வீட்டுக்கு வந்தால் அப்பா செய்ததுதான் சரி.

மாப்பிள்ளைக்கு மூக்கு வரை

அன்று வைகாசி கருட சேவை. பெருமாள் புறப்பட்டுவிட்டால் ஊருக்குள் சைக்கிள்கூட நகராது. சம்பத்தண்ணன் குடும்பம், தம்பி குடும்பம் எல்லாரும் சேவிக்கப் போய்விட்டார்கள். நான் மட்டும் மெஷினோடு இருந்தேன். மறுநாள் கல்யாணம் ஒன்றுக்கு வரவேற்பு பேனர் ஓடிக்கொண்டிருந்தது. மாப்பிள்ளைக்கு நெற்றி வந்தது, கண் வந்தது, மூக்கு வந்தது. அதோடு மெஷின் நின்றுவிட்டது.

ஃபியூஸைக் கழற்றிப் பார்த்தேன். இழை போய், கண்ணாடி கருப்படித்திருந்தது. மாற்று ஃபியூஸ் இல்லை. கடைத்தெருவுக்குப் போய் வரவும் வழியில்லை.

யோசிக்கவே இல்லை நான். கால் தானாகப் பின்கட்டுக்குப் போனது, கை தானாகத் தறியடியில் துழாவியது. அப்பா மாதிரி வெளியே சுற்றினால் பார்க்க அசிங்கமாக இருக்குமே என்று, தொப்பியை மெழுகுவர்த்தியில் காட்டிக் கழற்றினேன். சரிகையை ஊசியில் கோத்துக் கண்ணாடிக் குழாய்க்குள் விட்டு, இரண்டு பக்கமும் தொப்பியை அழுத்தி மூடினேன். ஒற்றை இழை போட்டேன், ‘புஸ்’ என்று போய்விட்டது. அப்போதாவது புத்தி வந்திருக்க வேண்டும். நாலு இழையை முறுக்கிப் போட்டேன். மெஷின் ‘ஊம்’ என்று எழுந்தது. மாப்பிள்ளைக்கு மீசையும் வாயும் வந்து சேர்ந்தன.

எத்தனை பெருமை எனக்கு! சில ஃபியூஸில் கம்பெனிக்காரனே இழையைச் சுருளாகச் சுற்றித்தான் வைத்திருப்பான். என் சரிகையும் அச்சு அசல் அப்படியே இருந்தது. கடையில் வாங்கியதில்லை என்று யாராலும் சொல்ல முடியாது. அப்பாவிடம் காட்டலாமா என்றுகூட நினைத்தேன்.

மறுநாள் ராஜ வீதிக்குப் போய் சரியான ஃபியூஸ் ஒன்று வாங்கினேன், பொய் சொல்லக் கூடாது. பர்ஸில் போட்டு வைத்தேன். மெஷின்தான் நன்றாக ஓடுகிறதே, நிறுத்துகிற நேரத்தில் மாற்றிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். ஆனி போய் ஆடி வந்தது. ஃபியூஸ் பர்ஸிலேயே கிடந்தது.

சுவரில் ஒரு பள்ளம்

ஆடியில் ஒரு மத்தியானம். அம்மன் கோவில் கூழ் ஊற்றுவதற்கான பேனர் ஓடிக்கொண்டிருந்தது. மெஷினின் முதுகுக்குள் ‘டொப்’ என்று ஒரு சத்தம் கேட்டது. என்னவோ ஒன்று என் காதோரமாகப் பறந்துபோய் எதிர்ச் சுவரில் அடித்தது.

அடுத்து நெடி. மை நெடி எங்களுக்குப் பழக்கம், இது வேறு நெடி. எரிந்த ரப்பரும் எரிந்த முடியும் கலந்த மாதிரி தொண்டையைப் பிடித்தது. தகட்டு இடுக்கில் கரும்புகை வந்தது. தரையில் மை கேன்கள் வரிசையாக இருந்தன, பெட்ரோல் மாதிரி பற்றக்கூடிய மை. பின்கட்டில் பட்டுப் பாவு விரித்த தறி, தூளியில் தம்பி மனைவியின் கைக்குழந்தை. நான் ஓடிப்போய் மெயினை இறக்கினேன். என் வாயிலிருந்து சத்தமே வரவில்லை. புகையைப் பார்த்துவிட்டு அவளாகத்தான் குழந்தையை அள்ளிக்கொண்டு தெருவுக்கு ஓடினாள்.

நல்லவேளை, தீப் பிடிக்கவில்லை. புகை அடங்கியபின் சுவரைப் போய்ப் பார்த்தேன். என் கண் உயரத்தில், பொட்டு அளவுக்கு ஒரு பள்ளம். கீழே அலுமினியத் துண்டு ஒன்று சுருண்டு கிடந்தது. அரை அடி தள்ளி நின்றிருந்தால் என் கண் போயிருக்கும்.

சம்பத்தண்ணன் “நேரம் சரியில்ல” என்று சொல்லி பூசணிக்காய் சுற்றி உடைத்தார். நேரத்துக்கு என்ன வந்தது? நல்ல ஃபியூஸ் இருந்திருந்தால் ‘டிக்’ என்று அறுந்து அங்கேயே நின்றிருக்கும். என் நாலு இழைச் சரிகை அறுந்து கொடுக்காமல் பிடித்துக்கொண்டதில் உள்ளே இருந்ததெல்லாம் வெந்துபோயிற்று. இது எனக்குத் தெரியும். அன்று ராத்திரி தங்கையிடம் மட்டும் சொன்னேன். “போய் சொல்லிடுடி” என்றாள். ஆரணி கண்முன்னால் வந்து நின்றது. நான் சொல்லவில்லை.

நைசாக மாற்றிவிடலாம் என்றால் அதற்கும் வழியில்லை. மெக்கானிக் வரும்வரை யாரும் மெஷினைத் தொடக் கூடாது என்று சம்பத்தண்ணன் நாற்காலி போட்டுக் காவல் உட்கார்ந்துவிட்டார்.

ஒரு கை பாக்கெட்டில்

நாலாம் நாள் காலை மோசஸ் சார் சென்னையிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கினார். சொந்த ஊர் வாலாஜாபாத் பக்கம்தான். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் நிலத்தில் கூலி வேலை செய்து ஐ.டி.ஐ. படிக்க வைத்ததாக, கேட்காமலே சொன்னார். நாற்பது வயது இருக்கும். பை நிறைய சாமான், வாய் நிறைய பேச்சு. வேலையை ஆரம்பித்தால் மட்டும் பேச்சு பாதியாகிவிடும்.

ஒன்றைக் கவனித்தேன். மெஷினுக்குள் கை விடும்போதெல்லாம் இடது கையை பேன்ட் பாக்கெட்டில் போட்டுக்கொள்வார். ஏன் என்று கேட்டேன்.

“ரெண்டு கையும் உள்ள வச்சா, ஒரு கையில ஏறி இன்னொரு கையில எறங்கும். நடுவுல நெஞ்சு இருக்குதில்லம்மா? அதான் ஒண்ண உள்ள போட்டு வச்சிருக்கறேன்.”

முதலில் ஃபியூஸைத்தான் பார்த்தார். அதுதான் நான் ஆரம்பத்தில் சொன்ன ‘பீப்’. பிறகு ஒவ்வொன்றாகக் கழற்றிப் பேப்பரில் வைத்து மீட்டர் முள்ளால் தொட்டுப் பார்த்தார். டையோடைக் காட்டி, “இது ஒருவழிப் பாதை. போனது திரும்பி வரக் கூடாது” என்றார். முள்ளை மாற்றி வைத்தும் மீட்டர் கத்தியது. அது செத்த டையோடு. நிறக்கோடே தெரியாமல் கருகிய ரெசிஸ்டர் இரண்டு, கால் உருகிய டிரான்சிஸ்டர் ஒன்று. வெடித்த கெபாசிட்டரின் மிச்சத்தையும் எடுத்து வைத்தார். குட்டி டப்பா மாதிரி இருக்கும் அது, கரண்டைப் பிடித்து வைத்துக்கொள்கிற சாமான். அதன் தலைத் துண்டுதான் எங்கள் சுவரில் அடித்திருந்தது.

பேப்பரில் நடுவே கோடு போட்டு, ஒரு பக்கம் ‘செத்தது’ என்றும் மறுபக்கம் ‘பிழைச்சது’ என்றும் எழுதினார். மீட்டர் கத்தும் ஒவ்வொரு தடவையும் என் உடம்பு தூக்கிப் போட்டது. அடுத்து மறுபடியும் ஃபியூஸைத் தொடுவாரோ, இந்த முறை உற்றுப் பார்ப்பாரோ என்று பயம். தொடாமல் போனால் அதுவும் பயம்.

மெஷினின் முதுகில் இரண்டு பெட்டி. ஒன்று பவர் சப்ளை, அதுதான் கருகியது. பக்கத்தில் மோட்டாரை ஓட்டும் பெட்டி, அதில் ஒரு கீறல் இல்லை. அதையும் விடாமல் கழற்றி, உள்ளேயிருந்த பெரிய கெபாசிட்டரை மீட்டரில் பார்த்தார். “தங்கம்” என்று பிழைத்த பக்கத்தில் வைத்துவிட்டு, பிறகு திரும்ப மாட்டினார்.

ஒரு மணிவாக்கில் செத்ததையெல்லாம் மாற்றி முடித்தார். பவர் சப்ளைக்கு வரும் கரண்டை ஒரு குண்டு பல்பு வழியாக விட்டுப் பார்த்தார். உள்ளே கோளாறு இருந்தால் பல்பு பிரகாசமாக எரிந்துகொண்டே இருக்குமாம். பல்பு ஒரு தடவை பளிச்சென்று எரிந்து மங்கியது. தேவலை என்று தலையாட்டினார்.

“மொத்த மெஷினையும் இப்பிடி பாக்க முடியாது. எல்லாம் சேந்து இழுத்தா பல்பு எப்படியும் எரியும். நேரா போட்டுத்தான் பாக்கணும்.”

“பயமா இல்லையா சார்?” என்று கேட்டேன். ஏன் கேட்டேன் என்று தெரியவில்லை. குரல் எனக்கே அந்நியமாக இருந்தது.

சிரித்தார். “அதான் ஃபியூஸ் இருக்குதே. எதனா ஆச்சுன்னா எனக்கு முன்னாடி அது சாவும்.”

அதுவரை என் வேலையைப் பற்றி மட்டும்தான் பயந்துகொண்டிருந்தேன். இந்த மனுஷன் அந்தக் கண்ணாடிக் குழாயை நம்பி மெஷினுக்குள் முகத்தை விடப் போகிறார். சொன்னால் என் வேலை போகும். சொல்லாவிட்டால் இவர் கண் போகும், கை போகும், ஆளேகூடப் போகலாம்.

ஒண்ணு, ரெண்டு

சம்பத்தண்ணன் அவரை டீ குடிக்க முக்குக்கு அழைத்துப் போனார். நான் பாய்ந்தேன். பர்ஸிலிருந்து நல்ல ஃபியூஸை எடுத்துக்கொண்டு மெஷின் பின்னால் மண்டியிட்டேன். ஃபியூஸ் மூடி அந்தப் பெட்டிகளுக்கு நடுவே உள்ளடங்கி இருந்தது. “உள்ள கைய வுடாத” என்று மோசஸ் சார் காலையிலேயே எச்சரித்திருந்தார். இடது கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. சுடிதாருக்கு ஏது பாக்கெட்? முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு வலது கையை உள்ளே விட்டேன். மூடி அசையவில்லை. நன்றாக முறுக்கி மூடியிருந்தார். விரல் வேர்வையில் வழுக்கியது.

“தேவகி! கைய எடு! உனக்கு இன்னா பைத்தியமா புட்ச்சிருக்குது?”

சம்பத்தண்ணன் சில்லறை எடுக்கத் திரும்பி வந்திருந்தார்.

“ஒண்ணுமில்லண்ணா, தூசி,” என்றேன். ஃபியூஸ் உள்ளங்கைக்குள் இருந்தது. அதன்பிறகு அவர் டீக்கடைக்கும் போகவில்லை, அந்த இடத்தை விட்டு நகரவும் இல்லை.

மோசஸ் சார் வந்தார். மை துப்பும் தலையை இயக்குகிற ஹெட் கார்டை, தான் கொண்டுவந்திருந்த ஒரே புதுசை, சொருகினார். மண்டியிட்டு, எந்த விளக்கு எரிகிறது என்று பார்க்க முகத்தைத் திறந்த முதுகுக்கு ஒரு முழம் தள்ளி வைத்துக்கொண்டார்.

“எல்லாரும் தள்ளி நில்லுங்க. மூணு எண்ணிட்டு போடுவேன்.”

காலையிலிருந்து பெரும்பாலும் பாக்கெட்டிலேயே கிடந்த இடது கையை வெளியே எடுத்து, சுவிட்சை நோக்கி நீட்டினார். உள்ளங்கையில் பேனாவால் எழுதியிருந்தது: பச்சை ரிப்பன், ரெண்டு.

பெண் குழந்தை இருக்கிறது இவருக்கு.

“ஒண்ணு…”

சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நொடியில்கூட நான் அப்பாவைத்தான் நினைத்தேன். ஒருவேளை ஒன்றும் ஆகாமல் போகலாமே என்று நினைத்தேன். சுவரில் இருந்த பள்ளம் கண்ணில் பட்டது.

“ரெண்டு…”

“சார், போடாதீங்க!”

கத்திவிட்டேன். பின்கட்டில் தறிச் சத்தம் நின்றது. அவர் கை சுவிட்சின் மேல் அப்படியே இருந்தது.

“அது ஃபியூஸ் இல்ல சார். உள்ள இருக்கறது சரிகை. நான்தான் போட்டேன்.”

“இன்னா சரிகை? இன்னா உளர்ற நீ?” என்றார் சம்பத்தண்ணன்.

மோசஸ் சார் பிளக்கைப் பிடுங்கினார். குறடால் மூடியைத் திருகி ஃபியூஸை எடுத்தார். பேப்பரில் மடித்துக் கண்ணாடியை நொறுக்கினார். உள்ளேயிருந்து முறுக்கிய சரிகை வந்தது, கொஞ்சம் கருத்து, மற்றபடி பளபளவென்று. சம்பத்தண்ணன் அதை வாங்கி இரண்டு விரலுக்கு நடுவே உருட்டிப் பார்த்தார்.

“எங்க வூட்டு சரிகைதான்,” என்றார் மெல்ல.

“யாரும்மா உனக்கு இத கத்துக் குடுத்தது?” என்று கேட்டார் மோசஸ் சார்.

“எங்க வீட்டுல இப்படித்தான் சார் போடுவாங்க. எங்க தெருவுல நெறைய பேரு…”

சம்பத்தண்ணன் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. அவர் கண் தன்னையறியாமல் வாசல் பக்கத்து மீட்டர் பெட்டிக்குப் போய்த் திரும்பியது. மோசஸ் சார் அதைப் பார்த்துவிட்டார். எழுந்து போய் மெயினை இறக்கி, பீங்கான் கட்டையைப் பிடுங்கினார். உள்ளே தங்க நிறத்தில் மினுமினுவென்று, பட்டையாக ஏழெட்டுச் சுற்று.

“போன பொங்கலுக்கு அவசரத்துல… நான்தான்…” என்றார் சம்பத்தண்ணன்.

“அடப் பாவிங்களா,” என்றார் மோசஸ் சார். சத்தமாகச் சொல்லவில்லை. “தெருவுலேந்து மெஷின் வரைக்கும் அறுக்கறதுக்கு ஒண்ணுகூட இல்லியே.”

மீட்டருக்குத் தெரியாதது

பீங்கான் கட்டையில் சரியான கம்பி போட்டார். நான் உள்ளங்கையை விரித்தேன். வேர்வையில் நனைந்திருந்த அந்த நல்ல ஃபியூஸை ஒரு பார்வை பார்த்துவிட்டு எடுத்துக்கொண்டார். மாட்டினார், மண்டியிட்டார், மறுபடியும் எண்ணினார். இந்தத் தடவை மூன்று வரை வந்தது. சுவிட்சைப் போட்டார்.

‘டிக்.’

அவ்வளவுதான். ஃபியூஸ் போய்விட்டது. புகை இல்லை, நெடி இல்லை, எதுவும் பறக்கவில்லை.

முதலில் எங்களுக்கு ஒன்றும் புரியவில்லை. அவருக்குப் புரிந்துவிட்டது. உள்ளே இன்னும் ஏதோ ஒன்று கோளாறாக உட்கார்ந்திருக்கிறது. சரிகை இருந்திருந்தால் இதே நொடியில் அது அவர் முகத்துக்கு ஒரு முழத்தில் வெடித்திருக்கும். அவர் இடது கை பாக்கெட்டைத் தேடியது. இரண்டு தரம் தப்பிப் போய், மூன்றாவது தரம்தான் உள்ளே நுழைந்தது. “கொஞ்சம் தண்ணி குடுங்க,” என்று தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். செம்பை நீட்டினேன், ஒரே மடக்கில் குடித்தார்.

அரை மணி நேரம் கழித்துக் கண்டுபிடித்தார். ‘தங்கம்’ என்று காலையில் சொன்ன அதே கெபாசிட்டர், கீறல் விழாத மோட்டார் பெட்டிக்குள் இருந்தது.

“மீட்டருக்குள்ள இருக்கறது ஒம்போது வோல்ட்டு பேட்டரி. அது கேட்டா இது நல்ல புள்ளையாட்டம் பதில் சொல்லுது. முந்நூறு வோல்ட்டு ஏறுனாத்தான் உள்ள உடையுது. கருகுனதெல்லாம் அடி வாங்கனது. அடிச்சது இது,” என்றார். அப்புறம் என்னைப் பார்த்து, “மொத மொத எப்ப ஃபியூஸ் போச்சு?”

“கருட சேவை அன்னிக்கு சார்.”

“அன்னிக்கே சொல்லியிருக்குது. நீ அது வாய பொத்திட்ட.”

கெபாசிட்டரையும், போன ஃபியூஸையும் மாற்றினார். மெஷின் ஓடியது. கூழ் பேனரில் பாதியில் நின்றிருந்த அம்மன் முகத்தை மறுபடி முதலிலிருந்து அடித்தோம். சாமான்களைப் பையில் அடுக்கிக்கொண்டே, கோபமே இல்லாத குரலில் கேட்டார்.

“ஒண்ணு கேக்கறேன், தப்பா எடுத்துக்காத. காலையிலேந்து என் பக்கத்துலயேதான் நின்னுக்கினு இருந்த. ரெண்டு எண்ணற வரைக்கும் எதுக்கும்மா காத்துக்கினு இருந்த?”

திட்டியிருந்தால் அழுதிருப்பேன். அவர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, ரிப்பன் கடை எந்தப் பக்கம் என்று கேட்டுக்கொண்டு போனார்.

சம்பத்தண்ணன் என்னை நிறுத்தவில்லை. எப்படி நிறுத்துவார்? “நானும் சொல்லல, நீயும் சொல்லாத,” என்றார். ஆனால் சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் நான் முதலில் ஃபியூஸ் கட்டையைத்தான் பிடுங்கினேன். “இன்னாடி பண்ற?” என்று அப்பா வந்தார். ஒன்று விடாமல் சொன்னேன். ஆரணி என்ற பேச்சை அவர் எடுக்கவே இல்லை. “அந்த ஆளுக்கு ஒண்ணும் ஆவலியே?” என்று மட்டும் கேட்டார். பிறகு நான் கம்பி சுற்றுவதைப் பார்த்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றார். இதற்காகவா நான் காலையிலிருந்து ஒரு மனுஷனின் உயிரைக் கையில் வைத்துக்கொண்டு வாயை மூடிக்கொண்டிருந்தேன்? எனக்கு என்மேல் வந்த அருவருப்பு இன்னும் முழுதாகப் போகவில்லை.

மோசஸ் சார் அதன்பிறகும் பல வருடம் எங்கள் மெஷினைப் பார்க்க வந்தார். நாளடைவில் சார் போய் அண்ணன் ஆனார். மகள் கல்லூரிக்குப் போய்விட்டாள் என்று இனிப்பு கொண்டுவந்து கொடுத்தார். ஒவ்வொரு தடவையும் எல்லாவற்றையும் மூடுவதற்கு முன்னால், சுவிட்சில் கை வைத்து, எண்ண ஆரம்பிக்காமல் என் பக்கம் திரும்புவார்.

“தேவகி, எதனா சொல்ல வேண்டியது இருக்குதா?”

சம்பத்தண்ணன் சிரிப்பார். மோசஸ் அண்ணனும் கேலிக்காகத்தான் கேட்பார். நான் சிரிக்க மாட்டேன். நிஜமாகவே எதையாவது மறைத்து வைத்திருக்கிறேனா என்று எனக்குள் ஒரு தரம் தேடிப் பார்ப்பேன். பார்த்துவிட்டுத்தான் சொல்வேன்.

“இல்லண்ணா. போடுங்க.”